ரேர் எர்த் கலந்த டைட்டானியம் கம்பி வாங்கலாமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: கிரேடு 5 (அலுமினியமும் வனேடியமும் கலந்த) டைட்டானியத்தை டிக் வெல்டிங் (டங்ஸ்டன் எலக்ட்ரோடால், ஆர்கான் வாயுக் காப்பில் செய்யும் வெல்டிங்) செய்கிறோம். "ரேர் எர்த் சேர்த்தது, வெல்டு இரட்டிப்பு உறுதி" என்று ஒரு கம்பியைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: எந்தத் தனிமம், எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். எண் வராவிட்டால் வாங்க வேண்டாம்.

ரேர் எர்த் எனப்படும் அருமண் தனிமங்களால் பயன் இருப்பது உண்மைதான். டைட்டானியம் வெல்டு உறையும்போது கிரெயின்கள் (உலோகத்தின் நுண் படிகங்கள்) பருத்து, நீள நீளமாக வளரும். வெல்டு வளைந்து கொடுக்காமல் முறிவதற்கு இது ஒரு காரணம். இட்ரியம், சீரியம், லாந்தனம் போன்றவை மிகச் சிறிய அளவில் சேர்ந்தால், டைட்டானியத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்து நுண்ணிய ஆக்சைடு துகள்களாக மாற்றும். அந்தத் துகள்கள் கிரெயின் பருப்பதைத் தடுக்கும். நல்ல பலன் என்றால் இதுதான்.

ஆனால் "இரட்டிப்பு உறுதி" என்பதை நான் நம்பமாட்டேன். டைட்டானியத்துக்கு உறுதி தருவதில் கரைந்த ஆக்சிஜனுக்கே பங்கு உண்டு. கலவை சேராத கிரேடு 1க்கும் கிரேடு 4க்கும் உள்ள முக்கிய வேறுபாடே ஆக்சிஜன்தான்: உச்சவரம்பு முன்னதில் 0.18%, பின்னதில் 0.40%. அந்த ஆக்சிஜனை வெளியே இழுத்தால் வளையும் தன்மை கூடும், உறுதி சற்றுக் குறையவும் செய்யலாம். கிரெயின் சிறுத்ததால் கிடைக்கும் உறுதி அதை ஈடுகட்டியதா என்பதை இழுவிசைச் சோதனை அறிக்கைதான் சொல்லும். அதைக் கேளுங்கள்.

அளவு மிஞ்சினால் நிலைமை தலைகீழ். இந்தத் தனிமங்கள் திட டைட்டானியத்தில் மிகக் குறைவாகத்தான் கரையும். மிச்சம் கிரெயின் எல்லைகளில் பெரிய துகளாக ஒதுங்கும். திரும்பத் திரும்பச் சுமை ஏறும் பாகத்தில் விரிசல் அங்கேயே தொடங்கும்.

கேள்வி: லாந்தனம் கலந்த டங்ஸ்டன் எலக்ட்ரோடு வாங்கியிருக்கிறேன். அதிலிருந்து லாந்தனம் வெல்டுக்குள் போய்ச் சேருமா?

பதில்: சேராது, சேரவும் கூடாது. அது ஆர்க் எளிதில் பற்றி நிலையாக எரிவதற்காகச் சேர்த்தது.

கேள்வி: வெல்டு நீலமாக வருகிறது. ரேர் எர்த் கம்பி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும் என்றால் ஆர்கானைக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. நீலம் என்றால் சூடான உலோகத்தைக் காற்று தொட்டுவிட்டது என்று பொருள். கம்பியிலுள்ள துளி இட்ரியம் காற்றை எதிர்த்து நிற்காது. நைட்ரஜனும் ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜனும் வேறு இருக்கின்றன. வெல்டு வெள்ளியாகவோ வெளிர் வைக்கோல் நிறமாகவோ இருக்க வேண்டும். டார்ச்சுக்குப் பின்னால் ஆர்கான் பாய்ச்சும் பின்தொடரும் கவசமும் வெல்டின் அடிப்பக்கத்துக்கு ஆர்கானும் வையுங்கள், சுமார் 425 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறும்வரை எடுக்காதீர்கள். இதைச் சரிசெய்யாமல் விலையுயர்ந்த கம்பி தேடுவது பணத்தை வீணாக்குவது.

கேள்வி: "எந்தத் தரத்துக்கும் பொருந்தும்" என்று சொல்லி விற்ற கம்பியால் வெல்டு செய்தோம். விமானத்துறை வாடிக்கையாளர், இட்ரியம் இருக்கிறது என்று பாகங்களைத் திருப்பிவிட்டார். நஷ்டம் எங்கள் தலையில்.

பதில்: உங்கள் மேல் தவறில்லை, விற்றவர் சொன்னது பொய். விமானத்துறையில் இட்ரியத்துக்குக் கடும் வரம்பு உண்டு. 6-4 (கிரேடு 5 வகை) தண்டுகளுக்கான விமானத்துறைத் தரநிலை ஏஎம்எஸ் 4928ஐப் பாருங்கள்: 0.005 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்குதான் அனுமதி. மிச்சக் கம்பியைத் தொடாமல் மூடி வையுங்கள். ரசீது, லேபிள், ஹீட் எண் (எந்த உருக்கலில் வந்தது என்று காட்டும் எண்), அவர் எழுதியனுப்பிய வாக்குறுதி எல்லாவற்றையும் சேருங்கள். தனி ஆய்வகத்தில் சோதித்து, அறிக்கையோடு எழுத்தில் இழப்பீடு கேளுங்கள். தொலைபேசியில் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள்.

ஹீட் எண் என்றதும் எனக்குக் கோபம் வருகிறது. நான் வாங்கிய ஒரு சுருளுக்குச் சான்றிதழ் என்று ஒரு நகல் வந்தது. அதிலிருந்த ஹீட் எண் சுருளில் இருந்ததோடு பொருந்தவில்லை. கேட்டதற்கு "எல்லாம் ஒரே சரக்குதான்" என்றார்கள். ஒரே சரக்கு இல்லை. ஒவ்வொரு உருக்கலுக்கும் தனி இரசாயன அளவு உண்டு, அருமண் சேர்த்த கம்பியில் ஒரு சிறு விலகலே பலனைக் கேடாக மாற்றும். லேபிளில் "ரேர் எர்த்" என்று பெரிதாக அச்சடித்துவிட்டு அளவை மறைப்பதை எந்தச் சந்தையிலும் அனுமதிக்கவே கூடாது.

கேள்வி: நல்ல கம்பி எது?

பதில்: எந்தக் கிரேடு, என்ன தடிமன், பாகம் என்ன வேலை செய்கிறது, எதுவுமே எழுதவில்லை. எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: எக்ஸ்ஆர்எஃப் கன் (எக்ஸ்-கதிரால் உலோகக் கலவையைக் காட்டும் கைக்கருவி) வைத்துப் பார்த்தோம், கிரேடு 23 என்று காட்டியது. போதாதா?

பதில்: போதாது. அது ஆக்சிஜனைப் பார்க்காது. கிரேடு 5க்கும் கிரேடு 23க்கும் அலுமினியம், வனேடியம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக்சிஜன் வரம்புதான் 0.20%, 0.13% என்று பெரிதாக மாறுகிறது. அதற்குக் கம்பியின் ஒரு துண்டை உருக்கி, வெளிவரும் வாயுவை அளக்கும் ஆய்வகச் சோதனை வேண்டும்.