துகள் இயற்பியல் எடுத்தால்தான் மதிப்பா?

இளநிலை இயற்பியல் கடைசி ஆண்டில் இருக்கும் மகளைப் பற்றி ஒரு அம்மா நீளமாக எழுதியிருக்கிறார். முதுநிலையில் எந்தப் பிரிவு என்று முடிவெடுக்க வேண்டிய நேரம். குடும்பத்தில் அதிகம் படித்தவர் என்று பெயரெடுத்த பெரியப்பா, "எடுத்தால் துகள் இயற்பியல் கோட்பாடு எடு, இல்லாவிட்டால் அண்டவியல். லேப் பக்கம் போனால் கடைசிவரை மெஷினைத் துடைக்க வேண்டியதுதான்" என்கிறாராம். மகள் வாயே திறப்பதில்லை. அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

பயப்படாதீர்கள் அம்மா, கைமீறி எதுவும் போய்விடவில்லை. ஆனால் பெரியப்பா சொல்வது தவறு. அதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

கோட்பாட்டு இயற்பியல் அருமையான துறைதான். ஆனால் அங்கே நிரந்தர வேலைகள் மிகக் குறைவு. முனைவர் பட்டம் முடித்து, இரண்டு மூன்று வருட ஒப்பந்தங்களில் ஊர் ஊராக மாறிய பிறகுதான் பலருக்கு இடம் உண்டா இல்லையா என்பதே தெரியவரும். பக்கம் பக்கமாகச் சமன்பாடு போடுவதில் தீராத ஆசை உள்ளவர்கள் அதைத் தாங்குவார்கள். சொந்தக்காரர்களின் ஆசைக்காகப் போகிற பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு தாங்கும்?

ஆசிரியர் வேலை, டேட்டா சயின்ஸ் எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள், விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் குறையாக எழுதிய ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஆய்வக நேரம் முடிந்த பிறகும் மைக்கேல்சன் குறுக்கீட்டுமானியை விட்டு மகள் எழுந்து வருவதில்லை என்கிறீர்கள். அந்தக் கருவி லேசில் வசப்படாது. லேசர் கதிரை இரண்டாகப் பிரித்து, இரண்டு கண்ணாடிகளில் பட்டுத் திரும்பவைத்து, மறுபடி ஒன்றின்மேல் ஒன்று விழவைக்க வேண்டும். அப்போது வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரிகளாகத் தெரியும். மேசையில் கை பட்டாலே அந்த வரிகள் நடுங்கும். சிவப்பு லேசர் என்றால், கண்ணாடி ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்ததும் ஒரு வரி கடந்துபோகும். அந்தக் கருவியின் முன்னால் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒளியியல் படிக்க வேண்டும். அதன் இன்றைய விரிவுக்கு போட்டோனிக்ஸ் என்று பெயர்.

லென்ஸும் பட்டகமும் பள்ளியோடு முடிந்துவிட்டன என்று நினைப்பதால் இதை யாரும் பரிந்துரைப்பதில்லை. 2015-இல் ஈர்ப்பு அலைகளை முதன்முதலில் பிடித்த லைகோ கருவி, அடிப்படையில் உங்கள் மகள் கட்டிக்கொண்டு அழும் அதே மைக்கேல்சன் அமைப்புதான். லேசர் கதிர் போய்வரும் ஒவ்வொரு கையும் 4 கிலோமீட்டர் நீளம். விழித்திரையின் அடுக்குகளைத் தொடாமலேயே படமெடுக்கும் ஓசிடி கருவியும் இதே குறுக்கீட்டில்தான் இயங்குகிறது. நவீன சிப்களில் நுண்ணிய கோடுகளை வரைய 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளி வேண்டும். அதைக் காற்றே விழுங்கிவிடும், லென்ஸும் விழுங்கிவிடும். அதனால் எல்லாம் வெற்றிடத்தில். லென்ஸுக்குப் பதில் மாலிப்டினமும் சிலிக்கனும் மாறி மாறி அடுக்கிய கண்ணாடிகள். அந்த ஒளி பிறப்பதோ, உருகிய வெள்ளீயத் துளிகளை லேசரால் அடித்து!

கனடா இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்டை எடுத்துக்கொள்ளுங்கள். லேசர் துடிப்பை, அதாவது மிகக் குறுகிய நேர ஒளி வீச்சை, அப்படியே பெருக்கினால் பெருக்கும் கருவியே சேதமாகிவிடும் என்ற சிக்கல் இருந்தது. துடிப்பை முதலில் நீட்டி, நீட்டியதைப் பெருக்கி, அப்புறம் சுருக்கும் முறையை தன் ஆய்வு வழிகாட்டி ஜெரார் மூருவோடு சேர்ந்து 1985-இல் வெளியிட்டார். அப்போது அவர் ஆராய்ச்சி மாணவி. 2018-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இன்று கண் அறுவை சிகிச்சையில் பயன்படும் அதிவேக லேசர்களுக்குப் பின்னால் அந்த முறை இருக்கிறது. லேப் பக்கம் போனவர்தான் அவர்.

இந்தத் துறையில் முதுநிலையோடு நிறுத்திக்கொண்டாலும் ஒளியிழைத் தொடர்பு, சிப் தயாரிப்பு, மருத்துவக் கருவிகள் என்று வேலைக்கு வழி உண்டு. மேலே படித்தால் அணுக் கடிகாரம், குவாண்டம் கணினி வரை போகலாம். மின்காந்தவியலையும் அலைகளைப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியர் கணிதத்தையும் மட்டும் அரைகுறையாக விடக் கூடாது. கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸும் நிரல் எழுதவும் கை பழக வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒரே பேச்சுதான். கல்லூரியின் பெயருக்காகப் பெருங்கடன் வாங்காதீர்கள். முனைவர் படிப்புக்கு உதவித்தொகை இல்லாமல் இடம் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இயற்பியலில் ஆய்வாளருக்குத் தொகை தருவதுதான் பரவலான வழக்கம். சேரும் முன் அங்கே படிக்கும் மாணவர்களிடம் மகளே கேட்கட்டும்: லேசரைத் தொட விடுகிறார்களா, அல்லது ஆசிரியர் செய்துகாட்டுவதோடு சரியா?

இந்தப் பருவத்திலேயே ஆய்வகப் பேராசிரியரிடம் ஒரு சிறு ஒளியியல் புராஜெக்ட் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதை முடித்துவிட்டு "எனக்குக் கோட்பாடுதான் பிடிக்கிறது" என்று அவளே சொன்னால், மறுபேச்சில்லாமல் அனுப்புங்கள். அதுவரை பெரியப்பாவுக்குப் பதில் சொல்லும் வேலையை அவள் தலையில் கட்டாதீர்கள். அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.