தண்ணீர் குறைத்துக் குடித்தீர்களா? – செவிலியர் ஆய்வு பற்றி நீலகிரி வாசகர்கள் கேட்டவை

நோயாளி பராமரிப்பின் தரம், நோயாளியின் வாழ்க்கைத் தரம், இவற்றை எப்படி அளப்பது என்பது பற்றித்தான் இந்த முறை கேள்விகள் அதிகம். ப்ராஜெக்ட் தொடங்கும் மாணவிகளும், வார்டில் நிற்கும் சிஸ்டர்களும், வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

“தேயிலைத் தோட்டப் பெண்களின் முதுகுவலியும் வாழ்க்கைத் தரமும் என் தலைப்பு. கைடு 36 கேள்விகள் உள்ள எஸ்.எஃப்-36 படிவத்தை எடுக்கச் சொல்கிறார். சீனியர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விப் படிவம்தான் எளிது என்கிறார்கள். எதை எடுப்பது?” – எம்.எஸ்சி. நர்சிங் மாணவி, குன்னூர்

இரண்டுமே நல்ல கருவிகள்தான். முடிவெடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு மாலை தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, கொழுந்து பறித்துத் திரும்பிய ஒரு அக்காவிடம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எஸ்.எஃப்-36 அமெரிக்காவில் பிறந்தது. ‘நடுத்தர உழைப்பு’ என்பதற்கு அது சொல்லும் உதாரணங்கள் மேசையை நகர்த்துவது, வேக்குவம் கிளீனர் தள்ளுவது, பௌலிங், கோல்ஃப். ஒரு பிளாக் தூரம் நடக்க முடியுமா என்றும் கேட்கும். நம் மலையில் தூரம் பிரச்சினையே இல்லை, ஏற்றம்தான் பிரச்சினை. சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடப்பவர், ரேஷன் மூட்டையோடு ஐம்பது படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிடுவார்.

அதற்காகக் கேள்விகளை நீங்களே மாற்றி எழுதிவிடக் கூடாது. மாற்றினால் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிடும் தகுதி போய்விடும். உங்கள் தலைப்புக்கு நான் 26 கேள்விப் படிவத்தைச் சொல்வேன். அதற்குத் தமிழ் வடிவம் இருக்கிறது, முறைப்படி அனுமதி வாங்கிப் பயன்படுத்தலாம். உடல், மனம், சமூக உறவு, சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதிகள். சுற்றுச்சூழல் பகுதியில் வீடு, பணம், மருத்துவ வசதி, போக்குவரத்து எல்லாம் வரும். கடைசி பஸ்ஸை விட்டால் மறுநாள்தான் ஆஸ்பத்திரி என்று வாழ்பவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். ஏற்றம், கூடை, அட்டைக்கடி, பனி பற்றியெல்லாம் கேட்க வேண்டுமென்றால் தனியாக ஒரு சிறு படிவம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவிகள் திரும்பத் திரும்பச் செய்யும் இரண்டு தவறுகள் உண்டு. 3, 4, 26 ஆகிய மூன்று கேள்விகளுக்கும் மதிப்பெண்ணைத் தலைகீழாக்க வேண்டும்; அதை மறந்தால் வலி அதிகமென்று சொன்னவருக்கு அதிக மதிப்பெண் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இன்னொன்று, நான்கு பகுதிகளையும் கூட்டி ஒரே மொத்தமாக்குவது. அது கூடாது, பகுதிவாரியாகத்தான் சொல்ல வேண்டும்.

மொழியையும் கவனியுங்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் தமிழ் வேறு, கோயம்புத்தூர்த் தமிழ் வேறு, படுகர்களின் படுகு மொழி பேசும் அம்மாவுக்குத் தமிழே இரண்டாம் மொழி. ‘வாழ்க்கைத் தரம்’ என்று கேட்டால் பலர் சம்பளத்தைத்தான் சொல்வார்கள். பைலட் ஸ்டடியில், அதாவது முன்னோட்ட ஆய்வில், ஒவ்வொரு கேள்விக்கும் “இதை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?” என்று பத்துப் பேரிடமாவது கேட்டுவிடுங்கள்.

“ஆய்வு சாம்பிளில் எத்தனை பேர் வேண்டும்? எல்லோரும் 384 என்கிறார்களே?” – கோத்தகிரி

95 சதவீத நம்பகத்தன்மை, 5 சதவீதப் பிழை வரம்பு, விகிதம் பாதிக்குப் பாதி என்று எடுத்துக்கொண்டால் வருவதுதான் அந்த 384. பிழை வரம்பை 10 சதவீதமாக்கினால் 96 அல்லது 97 போதும். இது ஒரு விகிதத்தைக் கணிக்கும் ஆய்வுக்கு உரிய கணக்கு. இரண்டு குழுக்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால் கணக்கு வேறு, அதற்குப் புள்ளியியல் ஆசிரியரிடம் முதலிலேயே போங்கள். எல்லாத் தகவலும் சேகரித்த பிறகு போகாதீர்கள்.

“எங்கள் வார்டில் திருப்தி சர்வே எடுத்தால் எல்லோரும் ‘நன்று’, ‘மிக நன்று’. ஆனால் வெளியே போய்க் குறை சொல்கிறார்கள். நோயாளிகள் பொய் சொல்கிறார்களா?” – ஸ்டாஃப் நர்ஸ், ஊட்டி

பொய் இல்லை சிஸ்டர், பயமும் மரியாதையும்தான். இதை நான் சொந்த அனுபவத்தில் கற்றேன். என் எம்.எஸ்சி. ஆய்வுக்காக ஒரு மருத்துவமனையில் வெள்ளை யூனிஃபார்மோடு கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டேன். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: “நல்லா பாத்துக்கிறாங்க சிஸ்டர்.” எண்கள் அழகாக வந்தன. இரண்டு வாரம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அதே வார்டில் இருந்த ஒரு பாட்டியைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ராத்திரி பெட்பேன் கேக்க சங்கடமா இருந்துச்சு கண்ணு. அதான் சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்கல.” தொடை எலும்பு முறிந்து படுத்திருந்தவர், அந்தக் குளிரில் ராத்திரி முழுக்க நாக்கு வறண்டு கிடந்திருக்கிறார். என் படிவத்தில் அவர் ‘மிக நன்று’. அந்த வார்டில் ராத்திரி டியூட்டியில் இருந்த சிஸ்டர் ஒருவர்தான். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. என் கேள்வி மீதுதான் வந்தது.

அன்றிலிருந்து நான் திருப்தியைக் கேட்பதில்லை, நடந்ததைக் கேட்கிறேன். ராத்திரி கூப்பிட்டபோது யாராவது வர எவ்வளவு நேரம் ஆனது? வலி என்று சொன்ன பிறகு மாத்திரை எப்போது வந்தது? வீட்டுக்கு அனுப்பும்போது எந்த மாத்திரை எதற்கு என்று யாராவது உட்கார்ந்து சொன்னார்களா? பாத்ரூம் போக உதவி கேட்கச் சங்கடப்பட்டுத் தண்ணீர் குறைத்துக் குடித்தீர்களா? இப்படிக் கேட்டால் பதில் வரும்.

யார் கேட்கிறார் என்பதும் முக்கியம். அந்த வார்டில் வேலை செய்பவர் கேட்கக் கூடாது, யூனிஃபார்மும் வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வாரம் கழித்துக் கேட்பது நல்லது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் வலியை 0 முதல் 10 வரை சொல்லச் சொன்னால் திணறுவார்கள். “தாங்கவே முடியாத வலி ஒரு ரூபாய்னா, இப்ப எத்தனை அணா?” என்று வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சட்டென்று “பன்னெண்டு அணா” என்பார்கள். பதினாறு அணா ஒரு ரூபாய், அப்படியானால் முக்கால் பங்கு வலி.

“ஊட்டியில் ஆக்சிஜன் அளவு 94 காட்டினால் தாழ்வா? ஆய்வில் எப்படி எழுதுவது?” – பி.எஸ்சி. நர்சிங் மாணவர்

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதனால் நல்ல ஆரோக்கியமானவருக்கும் சமவெளியை விட ஓரிரு புள்ளி குறைவாகக் காட்டலாம். நோயாளியின் மூச்சையும் நிறத்தையும் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அப்புறம், விரல் ஜில்லென்று இருந்தால் கருவியே தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, நகப்பூச்சு இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்பதை ஆய்வில் கட்டாயம் எழுதுங்கள்.

“ஒரு ஷிப்டில் முப்பது நோயாளிக்கு நான் ஒருத்தி. தரம் தரம் என்று எங்களையே கேட்கிறார்கள். ஆள் குறைவுக்கு ஆய்வு ஆதாரம் உண்டா?” – வார்டு சிஸ்டர்

உண்டு, வலுவாகவே உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து லிண்டா ஏய்க்கன் குழுவினர் 2002இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் 30 நாளுக்குள் உயிரிழக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் அதே 7 சதவீதம். 2002 ஆய்வில் அவர்கள் ஒப்பிட்டது நாலு நோயாளிக்கு ஒருவர், எட்டு நோயாளிக்கு ஒருவர் என்ற அளவுகளை. உங்கள் முப்பது அந்தக் கணக்கிலேயே வராது.

இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள், இதனால்தான் இறந்தார்கள் என்று நிரூபிப்பவை அல்ல. ஆனால் இடையில் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். பியாட்ரிஸ் காலிஷ் என்பவர் அதை ‘விடுபட்ட பராமரிப்பு’ என்று அளந்து காட்டினார். ஆள் குறைந்தால் ஊசியும் மருந்தும் விடுபடுவது குறைவு. புரட்டிப் படுக்கவைப்பது, வாய் கழுவிவிடுவது, நடக்கவைப்பது, புரியும்படி சொல்லிக்கொடுப்பது, பக்கத்தில் ஒரு நிமிடம் நிற்பது, இவைதான் முதலில் விடுபடும். இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் எவை விடுபட்டன என்று பெயர் போடாமல் எல்லா சிஸ்டர்களும் ஒரு தாளில் குறியுங்கள், பக்கத்தில் அன்றைய நோயாளி எண்ணிக்கையையும் எழுதுங்கள். ‘எங்களால் முடியவில்லை’ என்ற கடிதத்தை விட அந்தத் தாளுக்கு மேலிடம் பதில் சொல்லியாக வேண்டும்.

“அப்பாவுக்குப் பக்கவாதம், மூன்று மாதமாகப் படுக்கை. இடுப்பில் சிவந்திருக்கிறது. ஆராய்ச்சி எல்லாம் எங்களுக்கு எதற்கு, என்ன செய்யணும் சொல்லுங்கம்மா.” – மஞ்சூர்

சொல்கிறேன் தங்கச்சி. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், செவிலியரைக் கூப்பிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம், வளையத் தலையணை வேண்டாம், தண்ணீர் நிரப்பிய கையுறையைக் குதிகாலுக்கு வைக்கவும் வேண்டாம். முன்பு நாங்களே சொல்லிக்கொடுத்தவைதான் இவை. தீங்கு என்று தெரிந்ததும் விட்டுவிட்டோம். ஆராய்ச்சி உங்களுக்கு எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

நம் ஊர்க் குளிரில் இன்னும் இரண்டு ஆபத்து. உணர்ச்சி இல்லாத பக்கத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், வெந்துபோனாலும் அப்பாவுக்குத் தெரியாது. கரி அடுப்பைப் பூட்டிய அறைக்குள் வைக்கவே கூடாது, அந்தப் புகை உயிரைக் குடிக்கும். கம்பளியும் உல்லன் சாக்ஸும் போதும், சாக்ஸை தினமும் கழற்றிக் குதிகாலைப் பாருங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள், 104க்கும் கேட்கலாம். நீங்கள் கடைசியாக ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கியது எப்போது? வரும் சிஸ்டரிடம் அதையும் சொல்லுங்கள். பார்த்துக்கொள்பவரின் பாரத்தை அளக்கவும் படிவம் இருக்கிறது, அதுவும் எங்கள் வேலைதான்.

“மார்ச்சில் ப்ரீ-டெஸ்ட், ஜூலையில் போஸ்ட்-டெஸ்ட். மூச்சுப் பயிற்சி கொடுத்தும் வாழ்க்கைத் தர மதிப்பெண் குறைந்திருக்கிறது. தீசிஸ் போச்சா?” – பந்தலூர்

ஜூலையில் பந்தலூரில் யாருடைய வாழ்க்கைத் தரம் ஏறும்? விடாத மழை, ஈரத் துணி, வேலை நாள் குறைவு. பயிற்சி கொடுக்காத ஒரு குழுவை அதே மாதங்களில் அளந்திருந்தால் எது மழை, எது பயிற்சி என்று தெரிந்திருக்கும். வந்ததை வந்தபடி எழுதுங்கள், குறைபாட்டையும் எழுதுங்கள். எண்ணை மட்டும் தொடாதீர்கள்.

“அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பழங்குடி இளைஞர்களின் வாழ்க்கைத் தரம் பற்றி ஆய்வு செய்யப் போனேன். ‘ரத்தம் எடுத்துட்டுப் போனவங்க யாரும் திரும்பி வரல’ என்று ஊர்ப் பெரியவர் திருப்பி அனுப்பிவிட்டார்.” – சமுதாய நலச் செவிலியர், கூடலூர்

அவர் சொன்னது நியாயம். இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலாகப் பதிவானதே நம் நீலகிரியில்தான், 1952இல். எழுபது ஆண்டுகளாக இந்த ஊர்களுக்கு ஆய்வாளர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். 2047க்குள் இந்த நோயை ஒழிக்க 2023இல் தேசியத் திட்டமே தொடங்கிவிட்டது. ஆனால் தன் ரிசல்ட் என்ன, சாதாரணக் கடத்தியா (பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் மரபணு வந்தவரா), நோயாளியா என்று தெரியாத இளைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடத்தி என்றால் பெரும்பாலும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள் என்பதைச் சொல்லாமல் சீட்டை மட்டும் கொடுத்தால், கல்யாணப் பேச்சே நின்றுபோகும்.

இவர்களுடைய வாழ்க்கைத் தரத்தைக் குலைப்பது வலி மட்டுமில்லை, அந்த வலியை நம்பாதவர்களும்தான். வெளியே காயம் தெரியாது, வீக்கம் தெரியாது, எக்ஸ்ரேயில் பெரிதாக எதுவும் தெரியாது. “நடிக்கிறான்” என்று சொன்ன வார்டுகளை நான் பார்த்திருக்கிறேன். எனவே உங்கள் படிவத்தில், கடைசியாக வலி வந்தபோது மருத்துவமனையில் நம்பினார்களா, மருந்து கிடைக்க எவ்வளவு நேரம் ஆனது என்ற கேள்விகளைச் சேருங்கள். குளிரும், தண்ணீர் குறைவதும் வலியைக் கிளப்பும். அதனால் கம்பளி இருக்கிறதா, குடிநீர் எவ்வளவு தூரம் என்றும் கேளுங்கள். வலி வருவதைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை தடையில்லாமல் கிடைக்கிறதா என்பதும் வேண்டும்.

இப்போதைக்குப் படிவத்தைப் பையில் வைத்துவிட்டு அந்தப் பெரியவரிடம் மறுபடி போங்கள். ஏற்கெனவே ரத்தம் கொடுத்தவர்களில் யாருக்கெல்லாம் ரிசல்ட் வரவில்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சம்மதித்தால் அரசு மருத்துவமனையில் விசாரித்து, அவரவர் ரிசல்ட்டை அவரவர் கையில் தனித்தனியாகக் கொடுத்து விளக்குங்கள். இதற்கு இரண்டு மாதம் ஆகலாம். எதிக்ஸ் கமிட்டிக்கு அனுப்பும் திட்டத்தில் அந்த இரண்டு மாதத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.