கை எலும்பு கூடிவிட்டது, அப்புறம்?

கேள்வி: குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். மாமியாருக்கு 68 வயது. வாசல் தெளிக்கும்போது வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டோம், கூடிவிட்டது. ‘எலும்புத் தேய்மானம்’ என்று உள்ளூர் டாக்டர் கால்சியம் மாத்திரை கொடுத்திருக்கிறார். இது போதுமா?

பதில்: போதாதம்மா. எலும்பு கூடியது நல்லதுதான். ஆனால் நின்ற இடத்தில் வழுக்கியதற்கே ஏன் முறிந்தது என்று பார்த்தே ஆகவேண்டும். கட்டுப் பிரித்ததும் விட்டுவிட்டு, சில வருடம் கழித்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாக வருகிற அம்மாக்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அந்த மணிக்கட்டு முறிவிலேயே பிடித்திருக்கலாம்.

‘தேய்மானம்’ என்ற சொல்தான் பாதி குழப்பம். முழங்கால் மூட்டில் ஜவ்வு தேய்வது வேறு, எலும்பே உள்ளுக்குள் சல்லடையாக மெலிவது வேறு. இரண்டாவதுக்கு எலும்புப்புரை என்று பெயர். மூட்டுத் தேய்மானம் வலித்துக் காட்டிக்கொடுக்கும். எலும்புப்புரை முறிகிற வரை சத்தமே போடாது.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் அந்த வசதி இருக்கிறது. ஊசி கிடையாது, சில நிமிடம் படுத்திருந்தால் போதும். அதில் வரும் ‘டி ஸ்கோர்’ என்கிற அடர்த்தி மதிப்பெண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. மைனஸ் 1க்கும் 2.5க்கும் நடுவில் வந்தாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், ஏற்கெனவே ஒரு முறிவு ஆகியிருப்பதால் மருந்து தேவைப்படலாம். கூடவே கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, கிட்னி ரத்தப் பரிசோதனைகளும் பார்ப்பார்கள். சின்ன வயதிலேயே கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மூட்டுவலிக்கென்று பெயரில்லாத பொட்டலத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்கவேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் எலும்பை அரித்துவிடும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 வரை கிடைக்கும், நம் பக்கத்துக் களியும் கூழும் அவ்வளவு நல்ல சாப்பாடு. ஆனால் எலும்பு கரையும் வேகத்தைக் குறைக்காமல் கால்சியம் மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். அதற்குத் தனி மருந்து இருக்கிறது.

வழக்கமாக முதலில் எழுதுவது அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரம் ஒன்று. விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய பச்சைத் தண்ணீரோடு விழுங்கவேண்டும். அரை மணி நேரம் காபி கூடாது, படுக்கவும் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கும், காபியோடு போட்டால் மருந்து உடம்பில் சேராது. இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வருடம் ஒருமுறை ஏற்றும் ஜோலெட்ரானிக் ஆசிட் இருக்கிறது. 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை ஆரம்பித்தால் நாள் தவறக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் ஆபத்து உண்டு. எதை ஆரம்பிப்பதற்கு முன்னும் பல்லையும் காட்டிவிடுங்கள்.

வேலூரை வெயிலூர் என்றே சொல்கிறோம், இங்கே வைட்டமின் டி குறையுமா என்று பலர் கேட்கிறார்கள். குறையும். வெயில் தோலில் பட்டால்தான் கணக்கு. 60,000 யூனிட் மாத்திரை எழுதித் தந்தால், பெரும்பாலும் அது வாரம் ஒன்றுதான். தினமும் போட்டு ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தியோடு வருகிறவர்கள் உண்டு.

அப்புறம், மாமியார் விழுந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். பாசி இருந்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுங்கள். வாசல் தெளிக்கவே வேண்டாம் என்று அவரை உட்காரவைத்துவிடாதீர்கள், நடமாட்டம் நின்றால் எலும்பு இன்னும் மெலியும். இருட்டில் தெளிக்காமல், நன்றாக விடிந்தபிறகு, வழுக்காத செருப்பைப் போட்டுக்கொண்டு தெளிக்கட்டும்.