பெற்றோருக்கு வகுப்பு எடுத்தால் நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன நன்மை?

நியூயார்க்கின் பேரன்ட்கார்ப்ஸ் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கறுப்பின, லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) குடும்பங்கள் அதிகம் வாழும், வருமானம் குறைந்த பகுதிகளின் அரசுப் பள்ளிகளில், மழலையர் வகுப்போடு சேர்த்தே பெற்றோருக்கு வாராவாரம் அமர்வுகள். பெற்றோர் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்க பிள்ளைகளுக்குத் தனிக் குழு, அப்புறம் ஆசிரியர்களுக்கும் பயிற்சி உண்டு.

தினசரி ஒழுங்கு, சேர்ந்து விளையாடுவது, மனதாரப் பாராட்டுவது, அடிக்காமல் கண்டிப்பது, இவைதான் பாடம். ஆனால் இப்படித்தான் வளர்க்கணும் என்று யாரும் உத்தரவு போடுவதில்லை, தங்கள் பண்பாட்டுக்கும் பிள்ளைமேல் வைத்திருக்கும் கனவுக்கும் எது பொருந்தும் என்று பெற்றோரே முடிவு செய்கிறார்கள். எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இனப் பாகுபாட்டை அன்றாடம் சந்திக்கும் ஒரு தாயிடம் குறை உங்கள் வளர்ப்பில்தான் என்று ஆரம்பித்தால் அவர் மறுவாரம் எப்படி வருவார்?

பலன் உண்டா? உண்டு. 2016இல் வெளியான ஆய்வில், இத்திட்டம் நடந்த பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்கு வந்தபோதும் அவர்களிடம் மனநலச் சிக்கல்கள் குறைவாக இருந்தன, படிப்பிலும் முன்னே இருந்தார்கள்.