லிஃப்டில் மேலாளரோடு என்ன பேசுவது?

லிஃப்டில் மேலாளர் ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, "எப்படி இருக்கிறீர்கள்?" என்பதற்கு மேல் பேச்சு நகரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்விக்கு "நன்றாக இருக்கிறேன்" என்பதைத் தவிர வேறென்ன பதில் வரும்? அவரைப் பற்றி ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத் தொட்டுக் கேளுங்கள். விடுப்பு முடிந்து வந்திருக்கிறாரா? "போன இடத்தில் எது பிடித்தது?" என்று கேட்கலாம். பதில் வந்ததும் உங்கள் கதைக்குத் தாவாமல், அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுங்கள். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்விலும், இப்படித் தொடர்ந்து கேட்பவர்களையே எதிரில் இருப்பவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. அதற்காக விசாரணை அதிகாரி ஆகிவிடாதீர்கள். நடுவே உங்களைப் பற்றியும் ஒரு வரி சொல்லுங்கள். மேலாளர் கைபேசியில் மூழ்கியிருந்தால் ஒரு புன்னகை போதும்.