காப்பித்தூளோடு ஃபில்டரையும் சேர்த்து விற்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் நானும் என் கணவரும் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் சிறிய கடை நடத்துகிறோம். தூள் நன்றாகப் போகிறது. ஆனால் வாங்கி வைத்த ஃபில்டரும் பித்தளை டபரா செட்டும் தேங்கிக் கிடக்கின்றன. மூன்றையும் ஒரே காம்போவாக்கி 20 சதவீதத் தள்ளுபடி கொடுக்கலாமா?

பதில்: சேர்த்து விற்கும் யோசனை நல்லதுதான். ஆனால் தள்ளுபடியை அறிவிக்கும் முன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கால் கிலோ தூள் 200 ரூபாய், ஃபில்டர் 450, டபரா செட் 350 என்றும், அவற்றில் உங்களுக்கு நிற்கும் லாபம் முறையே 40, 130, 80 என்றும் வைத்துக்கொள்வோம். மொத்த விலை 1,000 ரூபாய், மொத்த லாபம் 250. விலையில் 20 சதவீதம் குறைத்தால் 200 ரூபாய் போய், கையில் 50 ரூபாய்தான் மிஞ்சும். தூளை மட்டும் விற்றாலே 40 ரூபாய் நிற்கிற கடையில், மேற்கொண்டு பத்து ரூபாய்க்காக ஒரு ஃபில்டரையும் ஒரு டபரா செட்டையும் எடுத்துக் கொடுப்பீர்கள்.

அதைவிட முக்கியமானது, இதை யார் வாங்குவார்கள் என்பது. மாதாமாதம் தூள் வாங்க வரும் உங்கள் வாடிக்கையாளர் வீட்டில் ஃபில்டர் ஏற்கெனவே இருக்கும். அது பல வருஷம் உழைக்கிற சாமான். எவ்வளவு விலை குறைத்தாலும் அவருக்கு இன்னொன்று தேவைப்படாது. புதிதாகக் குடித்தனம் வைப்பவர்கள், வேலைக்காக வெளியூரில் அறை எடுத்துத் தங்கப் போகிற பிள்ளைகளுக்கு வாங்கும் பெற்றோர், கோயில்களுக்கு வந்துவிட்டுக் கும்பகோணம் காப்பியை ஊருக்கு எடுத்துச் செல்ல விரும்புகிறவர்கள் ஆகியோருக்குத்தான் தூளும் ஃபில்டரும் சேர்ந்து வேண்டும். 2028 மகாமகத்தின்போது இவர்களில் கடைசி வகையினர் பெருந்திரளாக வருவார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அவர்களுக்கென்று ஃபில்டரும் கால் கிலோ தூளும் மட்டும் அடங்கிய செட் ஒன்றை 650க்குப் பதில் 610 ரூபாய்க்குக் கொடுக்கலாம். லாபம் 130 நிற்கும். தூள் மட்டும் வாங்க வந்தவர் இதை எடுத்தால் உங்களுக்கு 90 ரூபாய் கூடுதல். எப்படியும் இரண்டையும் வாங்கியிருக்கக்கூடியவர் எடுத்தால் 40 ரூபாய் இழப்பு. இரண்டாம் வகையில் ஒன்பது பேர் வந்தால், முதல் வகையில் நான்கு பேராவது வர வேண்டும். ஒரு மாதம் ஒரு நோட்டில் குறித்து வந்தால், செட் லாபமா நஷ்டமா என்பது தெரிந்துவிடும். இரண்டையும் தனித்தனியாக விற்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

செட்டுக்குள் வைக்கும் தூள் அந்த ஃபில்டருக்குப் பொருந்த வேண்டும். மிக நைசாக அரைத்த தூள் ஃபில்டரின் துளைகளை அடைத்துக்கொள்ளும், டிகாக்ஷன் இறங்காது. முதன்முறை போடுகிறவர் அதைத் தன் கைத்தவறு என்று நினைக்காமல், உங்கள் தூளையே குறை சொல்லுவார். எத்தனை ஸ்பூன் தூள், எவ்வளவு கொதிநீர், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று எழுதிய ஒரு சிறு சீட்டை உள்ளே வையுங்கள். அரைத்த தூளில் மணம் நாளாக நாளாகக் குறைவதால், செட்டுக்கு என்று அரைக் கிலோ, ஒரு கிலோ கட்டிவிட வேண்டாம்.

பழைய வாடிக்கையாளருக்குத் தீர்ந்துபோகும் பொருளையே துணையாகக் கொடுங்கள். பீபரி, பிளான்டேஷன் ஏ என்ற இரண்டு காப்பிக்கொட்டை வகைகளிலும் நூறு நூறு கிராம், அல்லது தூளோடு நாட்டுச்சர்க்கரை என்று வைத்தால் அடுத்த மாதமும் கேட்பார்கள்.

முன்கூட்டியே கட்டி வைக்கும் செட்டின் மேல் அதிகபட்ச சில்லறை விலை, நிகர எடை, கட்டியவர் பெயர், முகவரி, மாதம், வருடம் அச்சிடப்பட வேண்டும். சிக்கரி கலந்த தூளாயின் காப்பி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்பதும் இருக்க வேண்டும். காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வெவ்வேறு ஜி.எஸ்.டி. விகிதம் உள்ள பொருட்களை ஒரே விலையில் சேர்த்து விற்றால், 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கலப்பு வழங்கலாகி, அவற்றுள் உயர்ந்த விகிதமே முழு விலைக்கும் வந்துவிடலாம். ஆகவே செட்டில் என்ன வைப்பது என்று முடிவு செய்யும்போதே உங்கள் ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

டபரா செட்டைத் தூளோடு ஒட்ட வைக்க வேண்டாம். பித்தளையைத் தேய்த்து வைக்க யோசிக்கிற வீடுகள் இப்போது நிறைய. இருக்கும் சரக்கைக் கல்யாணப் பரிசுக்கு என்று தனியாக, அடக்க விலைக்குச் சற்று மேலே வைத்து விற்றுத் தீர்த்துவிடுங்கள்.