பெரிய மீன், சின்ன மீன்: அரசியல் சிந்தனை பற்றிச் சில கேள்விகள்

திருகோணமலையில் எங்கள் வாசகர் வட்டம் கூடினபோது இந்திய அரசியல் சிந்தனை பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தேன். கேள்விகளைத் துண்டில் எழுதித் தரச் சொன்னது என் பிழை. ஒரு பிஸ்கட் பெட்டி நிறைந்துவிட்டது. திரும்பத் திரும்ப வந்தவற்றையும் என்னை மடக்கினவற்றையும் மட்டும் எடுத்திருக்கிறேன்.

உப்புவெளி, உயர்தர மாணவி: சேர், சனங்கள் தாங்களே உடன்பட்டு அரசை உண்டாக்கினார்கள் என்ற சமூக ஒப்பந்தம் என்றால் எங்கட பாடத்தில் ஹொப்ஸ், லொக், ரூசோதான். நீங்கள் சொன்ன மச்ச நியாயமும் அதுதானா?

கிட்டத்தட்ட அதுதான் பிள்ளை. பாரை நெத்தலியை விழுங்குவதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தண்டிக்க ஆளில்லாத இடத்தில் வலியவன் எளியவனை அப்படி விழுங்குவான் என்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். அதைத் தாங்காத சனங்கள் மனு என்பவனை அரசனாக்கி, தானியத்தில் ஆறிலொரு பங்கும் வியாபாரப் பண்டத்தில் பத்திலொரு பங்கும் அவனுக்கு ஒதுக்கினார்கள் என்று ஒரு கதையும் அதில் வருகிறது.

ஆனால் அந்தக் கதையை யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஒற்றர்கள்! தீர்த்தக்கரையிலும் சபையிலும் இரண்டு ஒற்றர்கள் சண்டை பிடிப்பதுபோல நடிக்க வேண்டும். ஒருவன் அரசனைக் குறை சொல்வான். மற்றவன் இந்த மனு கதையைச் சொல்லி அவன் வாயை அடைப்பான். கேட்டு நிற்கும் சனம் அடங்கிவிடும். அரசு எப்படித் தோன்றியது என்ற தத்துவத்தைக் கௌடில்யர் ஒரு பிரசாரத் துண்டாக வைத்திருக்கிறார். எனக்கு அந்த நூலில் மிகவும் பிடித்த இடமும் மிகவும் பயமான இடமும் இதுதான்.

இதோடு பௌத்த நூலான திக நிகாயத்தில் உள்ள அக்கஞ்ஞ சுத்தத்தையும் வாசியுங்கள். அங்கேயும் களவும் பொய்யும் பெருகின பிறகு சனங்கள் ஒருவனைத் தெரிந்து, நெல்லில் பங்கு கொடுக்கிறார்கள். அவன் பெயரே மகாசம்மதன், எல்லாரும் சம்மதித்தவன். புத்தர் இதைச் சொன்னது அரசனைக் காப்பாற்ற அல்ல, பிறப்பால் உயர்ந்தவர் என்ற பிராமணரின் பெருமையை உடைக்க. கதை ஒன்று, சொன்ன நோக்கம் இரண்டு. சோதனையில் இதை எழுதினால் புள்ளி கிடைக்கும்.

தம்பலகாமம், விவசாயி: தமிழில் இப்படி ஒன்றும் இல்லையா ஐயா?

ஏன் இல்லை? அரசுக்கு ஏழு உறுப்பு என்கிறார் கௌடில்யர். “படைகுடி கூழ்அமைச்சு நட்பரண் ஆறும் உடையான் அரசருள் ஏறு” என்கிறது குறள். அரசனோடு சேர்த்தால் அதே ஏழுதான். ஆனால் அண்ணை, உங்களுக்குப் பொருத்தமானது புறநானூற்று 184ஆம் பாட்டு. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் பாடியது. நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ஒரு மா நிலத்துக்கும் குறைந்த விளைச்சலே யானைக்குப் பல நாளைக்குக் காணும். யானையே தனியாக வயலுக்குள் இறங்கினால், நூறு வயல் ஆனாலும் “வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்”, வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதுதான் அதிகம். வரி எடுக்கிற முறை பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. யானை இறங்கின வயலை விடியப் பார்த்தவர்களுக்கு இது உவமை மாதிரியே இராது.

திருமலை நகர், வியாபாரி: வட்ஸ்அப்பில் தினமும் ‘சாணக்கியர் சொன்னது’ வருகிறதே, உண்மையா?

பெரும்பாலும் இல்லை. கௌடில்யரைத்தான் சாணக்கியர் என்றும் சொல்வார்கள். ஆனால் ‘சாணக்கிய நீதி’ என்ற பெயரில் உலவும் பொன்மொழித் திரட்டு வேறு, அர்த்தசாஸ்திரம் வேறு. அர்த்தசாஸ்திரத்தில் எடைக்கல், தராசு, சுங்கம், கள்ளுக்கடை, யானைக்காடு என்று பக்கம் பக்கமாகப் போகும். காலை வணக்கத்தோடு அனுப்ப ஏலாது. அந்த நூலின் ஏடும் நெடுங்காலம் ஆய்வாளர் கையில் இருக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்துக்குக் கொடுத்த கிரந்த எழுத்து ஓலையை 1905இல் அங்கே நூலகராக இருந்த சாமசாஸ்திரி அடையாளம் கண்டு, 1909இல் அச்சேற்றினார்.

நிலாவெளி, ஆசிரியை: குடவோலை முறையைச் சனநாயகம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

பாதி சொல்லலாம் தங்கச்சி. சோழ அரசன் முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, இன்றைக்கும் வெட்கப்பட வைக்கும். கணக்குக் காட்டாதவன் தேர்வுக்கு நிற்க முடியாது; அவன் உறவினரும் முடியாது. ஊரில் முப்பது குடும்புகள், அதாவது வட்டாரங்கள். நிற்பவர்களின் பெயர் எழுதின ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். மற்றப் பாதி: அது பிராமணருக்குக் கொடுத்த ஊரின் சபை. வரி கட்டும் கால் வேலி நிலமும் சொந்த மனையும் வேண்டும். பெண்ணுக்கும் குத்தகைக்காரனுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. நம் கந்தளாயிலும் சோழர் காலத்தில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்ற அப்படியொரு ஊர் இருந்ததைச் சேர்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து கேட்பார்கள்.

மூதூர், வாசகர்: அசோகர் உண்மையிலேயே மனம் மாறினாரா?

பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் கலிங்கத்துக்காக வருந்துகிறார். அதே சாசனத்தில் காட்டு மக்களுக்கு, ‘வருந்தினாலும் எனக்குப் பலம் இருக்கிறது’ என்று எச்சரிக்கையும் விடுகிறார். மனம் மாறினார், படையைக் கலைக்கவில்லை.

கிண்ணியா, பல்கலைக்கழக மாணவர்: கிராமம் விசயத்தில் காந்தி, அம்பேத்கர் யார் சரி?

பெட்டியில் அதிகம் வந்த கேள்வி இது தம்பி. 1909இல் கப்பலில் பத்து நாளில், வலது கை களைத்தபோது இடது கையாலும், காந்தி ‘இந்து சுயராஜ்யம்’ எழுதினார். ஆங்கிலேயன் போய் அவன் ஆட்சிமுறை மிஞ்சினால் என்ன பயன் என்பது அதில் அவர் கேள்வி. 1946இல் அவர் வரைந்த சமூகம், உச்சி கீழே அழுத்தும் கோபுரமல்ல. நடுவில் தனிமனிதனை வைத்துக் கடல் அலைபோல் விரியும் வட்டம். அந்தத் தனிமனிதன் கிராமத்துக்காக உயிரைவிடவும் ஆயத்தமாக இருப்பான்.

அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் திகதி இந்திய அரசியல் நிர்ணய சபையில் எழும்பி, கிராமம் அறியாமையின் குகை, குறுகிய மனத்தின் இடம் என்றார். அரசியலமைப்பு வரைவில் கிராமத்தை விட்டுத் தனிமனிதனையே அலகாக எடுத்தது தனக்கு மகிழ்ச்சி என்றார். கவனியுங்கள், இருவரும் தனிமனிதனில்தான் தொடங்குகிறார்கள். காந்தியின் மனிதனுக்கு ஊர் வீடு. அம்பேத்கரின் மனிதனுக்கு ஊர்க்கிணற்றில் தண்ணீர் அள்ள விடவில்லை. அவனுக்கு வெளியே போகக் கதவு வேண்டும்.

என் பக்கம் கேட்டால், கிராமத்தைப் பற்றி அம்பேத்கருக்குத் தெரிந்தது காந்திக்குத் தெரியவில்லை என்பேன். இந்திய அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, பஞ்சாயத்துக்கு உயிர் கொடுத்தபோது பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கித்தான் கொடுத்தது. ஒதுக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

உவர்மலை, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்: அம்பேத்கர் சத்தியாக்கிரகத்தைக் கைவிடச் சொன்னாராமே. அப்படியென்றால் 1961இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) வாசலில் சத்தியாக்கிரகம் இருந்த எங்கட அப்பா ஆக்கள் செய்தது பிழையா?

என்னை மடக்கின கேள்வி. 1949 நவம்பர் 25ஆம் திகதிப் பேச்சில் அவர் அப்படிச் சொன்னது உண்மை. அரசியலமைப்பு வழி திறந்திருக்கும்போது சத்தியாக்கிரகம் அராஜகத்தின் இலக்கணம் என்றார். ஆனால் 1927இல் தாழ்த்தப்பட்டவர்கள் மகாட் ஊர்க் குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடத்தினவரும் அவரேதான்.

இங்கே வழி திறந்திருந்ததா? சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் 1956இல் பாராளுமன்றத்தில் முறைப்படி வாக்கெடுத்துத்தான் நிறைவேறியது. வாசல் திறந்திருந்தது, எண்ணிக்கை அடைத்து நின்றது. அரசியல் பெரும்பான்மை தேர்தலுக்குத் தேர்தல் மாறும், பிறப்பால் வரும் பெரும்பான்மை மாறாது என்று 1940களிலேயே எழுதி, அதற்கான காப்புகளைக் கேட்டவரும் அம்பேத்கர்தான். ஆகவே அந்த 1949 பேச்சை மட்டும் வைத்து உங்கள் அப்பாவைப் பிழை சொல்ல என்னால் ஏலாது.

1956 ஆவணியில் தமிழரசுக் கட்சி மாநாட்டுக்குத் திருமலைக்கு நடந்து வந்தவர்கள் பற்றி ஓரளவு எழுதியிருக்கிறார்கள். 1961இல் கச்சேரி வாசலில் நாள் முழுக்க இருந்தவர்களுக்குச் சாப்பாடு யார் கொண்டுவந்தது, இரவில் யார் காவல் இருந்தது என்பதெல்லாம் எழுத்தில் வந்ததாக நான் பார்க்கவில்லை. அப்பா சொன்னது ஏதும் நினைவிருந்தால் ஒரு கொப்பியில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கோ ஐயா.